ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு யார் தேர்வு வைப்பது?

முகப்பேர் மேற்கிலிருந்து பூந்தமல்லிக்கு ஆட்டோவில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது, நொளம்பூரைக் கடந்து வானகரத்தில் நெடுஞ்சாலையைத் தொடும் வரையில் ஓட்டுநரின் கண்களை மட்டும் கவனியுங்கள். சாலையோரத்தில் ஒரு சிறுமி சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். சாலையைக் கடக்கப் போகிறாளா, தோழிக்காகக் காத்திருக்கிறாளா? ஓட்டுநர் அவள் முகத்தை ஒரு கணம் பார்க்கிறார், தெரிந்துகொண்டுவிடுகிறார். எதிரே வரும் தண்ணீர் லாரி முன்விளக்கை இருமுறை மினுக்குகிறது. ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அதற்குப் பொருள். இங்கிலாந்தில் அதே மினுக்கலைக் கண்டால், ‘நீ முதலில் போ’ என்று எடுத்துக்கொள்வார்கள்! நம் ஆட்டோக்காரருக்கு இதையெல்லாம் எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும் நாள் முழுவதும் இத்தகைய முடிவுகளை எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

அவரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இயந்திரத்தை அமர்த்த முடியுமா? உலகின் பல ஆய்வுக்கூடங்கள் 40 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லாடி வருகின்றன. ஆனால் அதே பூந்தமல்லியில், சாலைக்கு மேலே தூண்களின்மீது அமைந்த பாதையில், ஓட்டுநர் தேவைப்படாத வண்டி ஒன்று 2025-ஆம் ஆண்டில் சோதனை ஓட்டத்தில் இறங்கியது. கீழே இவ்வளவு கடினமாக இருப்பது மேலே எப்படிச் சாத்தியமாயிற்று? அத்தகைய வண்டியை நம்பலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இவற்றுக்கு விடை தேடினால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நம் முன் விரிகிறது.

பாலைவனமும் நகரமும்

முதலில் கீழே உள்ள சாலையைப் பார்த்துவிடுவோம். 2004 மார்ச் 13 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான ‘டார்ப்பா’ மோஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் நடத்தியது. தூரம் ஏறத்தாழ 240 கி.மீ.; பரிசு 10 லட்சம் டாலர். வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. தொலைவிலிருந்து இயக்கவும் கூடாது. முடிவு பெரும் ஏமாற்றம்! எல்லாவற்றிலும் அதிக தூரம் ஓடிய கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டியே 12 கி.மீ.கூடத் தாண்டவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் நடந்த பந்தயத்தில் ஐந்து வண்டிகள் 212 கி.மீ. பாதையை ஓடி முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ பரிசை வென்றது. இன்னும் சில ஆண்டுகளில் நகரச் சாலைகளும் இயந்திரத்தின் வசமாகிவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள்.

பாலைவனத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யாரும் வருவதில்லை. நகரத்தில் வருகிறார்கள். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் சோதனையில் இருந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண் ஒருவர்மீது மோதி, அவர் உயிரிழந்தார். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரியவந்த செய்தி நம்மைத் திகைக்க வைக்கிறது. மோதுவதற்கு 5 வினாடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன! ஆனால் கணிப்பொறி அவரை ஒரு முறை ‘வண்டி’ என்றது; அடுத்து ‘ஏதோ ஒரு பொருள்’ என்றது; பிறகு ‘சைக்கிள்’ என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த கணக்கை மறந்து, புதிதாகத் தொடங்கியது. கடக்கும் இடமல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதற்குள் எழுதப்படவில்லை. மேற்பார்வைக்காக இருக்கையில் அமர்ந்திருந்தவரோ சாலையைப் பார்க்கவில்லை.

நொளம்பூர்ச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் ஒரு பார்வையில் முடித்த வேலை அது.

ஆகவேதான் இத்தகைய வண்டிகளைச் சோதிக்க நகரங்களைப் போலவே பொம்மை நகரங்களைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இல் ‘எம்சிட்டி’ என்ற ஊரை அமைத்தது. அங்கே வீட்டு முகப்புகள் உண்டு, வீடுகள் இல்லை. சந்திப்புகளும் விளக்குகளும் உண்டு, குடியிருப்பவர் எவரும் இல்லை. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஒட்டி 2017-இல் ஒரு சோதனைத் தளம் ஏற்பட்டது. நம் நாட்டில் ஹைதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022 ஜூலையில் இத்தகைய தளம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. வண்டி தானே பார்ப்பது போதாது; போக்குவரத்து விளக்கோடும் மற்ற வண்டிகளோடும் வானொலி அலைகளால் ‘பேசிக்கொள்ள’ வேண்டும் என்பதும் இத்தகைய தளங்களில் ஆராயப்படுகிறது. எம்சிட்டியில் தேறிய வண்டி நம் அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தேறுமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆளில்லா வண்டி நம் பக்கத்து ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் ‘முன்ட்ரா’ என்ற ஆளில்லாக் கவச வண்டியை உருவாக்கி, 2017 ஜூலையில் காட்சிக்கு வைத்தது. கண்காணிப்புக்கு ஒன்று, கண்ணிவெடிகளைக் கண்டறிய ஒன்று, அணுக்கதிர் வீச்சோ நச்சுக்கிருமியோ பரவிய இடத்தில் நுழைய ஒன்று என மூன்று வகைகள் அதில் உண்டு. ராஜஸ்தானின் மகாஜன் பாலைநிலத்தில் அதைச் சோதித்தார்கள். ஆனால் அதன் ஓட்டுநர் மறைந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். தொலைவில் வேறொரு வண்டியில் அமர்ந்து திரையைப் பார்த்தபடி அவர் அதை இயக்குகிறார். நாம் தேடுவது இதுவன்று.

ஒரு விபத்து கற்பித்த பாடம்

இனி மேலே ஏறுவோம். அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் செல்கிறது. அக்காலத்து ரயில் ஓட்டுநருக்குத் தம் முன்னால் போன வண்டி எங்கே நிற்கிறது என்பது எப்படித் தெரியும்? உலகின் பல பாதைகளில் கடிகாரம் ஒன்றே துணை. முன் வண்டி புறப்பட்டு இத்தனை நிமிடங்கள் ஆகிவிட்டனவா, சரி, அடுத்ததை அனுப்பு! முன் வண்டி வழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

அந்தக் கேள்விக்கு 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகில் விடை கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, மீதியை மட்டும் இழுத்துச் செல்ல முடிவு செய்தார்கள். கழன்ற பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, கடிகாரத்தை நம்பிப் பின்னால் அனுப்பப்பட்ட ரயில்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

அந்த வண்டியில் பிரேக் இருந்தது. ஆனால் அது எஞ்சினோடு இணைந்திருக்கும் வரையில்தான் வேலை செய்யும் வகை. இணைப்பு போனதும் பிரேக்கும் போயிற்று. விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பிரயாணிகள் செல்லும் எல்லா ரயில்களிலும் வேறு வகைப் பிரேக் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதன் தத்துவம் எளிது. காற்றழுத்தம் இருக்கும் வரையில் பிரேக் விலகியிருக்கும்; குழாய் அறுந்தால், பெட்டி கழன்றால், அழுத்தம் குறைந்து பிரேக் தானே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, எந்தக் கோளாறு நேர்ந்தாலும் வண்டி நிற்கும் பக்கமாகவே சாய வேண்டும். ஒரு பாதைத் துண்டில் ஒரே வண்டிதான் இருக்கலாம் என்ற விதியையும் அச்சட்டம் நிலைநாட்டியது.

இவ்விரண்டையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஓட்டுநரில்லா ரயிலின் அடிப்படையே இவைதாம்.

வேலை சிறிது சிறிதாகக் கைமாறியது

ஓட்டுநரின் வேலை ஒரே நாளில் இயந்திரத்திடம் போய்விடவில்லை. லண்டனில் 1927-ஆம் ஆண்டிலேயே நிலத்தடியில் ஆளில்லா ரயில் ஓடியது. ஆனால் அதில் சென்றவை கடிதங்கள். கடிதங்களுக்குப் பயம் கிடையாது! மனிதர்களை ஏற்றும் வண்டியில் அதே துணிச்சலைக் காட்ட எவரும் முன்வரவில்லை. 1962-இல் நியூயார்க்கில் ஒரு குறுகிய சுரங்கப் பாதையில் தானியங்கி ரயிலை விட்டபோது தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்தது. சோதனைக் காலம் முழுவதும் ஓர் ஓட்டுநர் வண்டியில் இருப்பார் என்று உடன்பாடு செய்துகொண்டே அதை ஓட்டினார்கள்.

லண்டன்காரர்கள் வேறு வழியைப் பின்பற்றினார்கள். 1964 ஏப்ரலில், கூட்டம் குறைந்த ஹெய்னால்ட் கிளைப் பாதையில் தானியங்கி ரயில்களை ஓட்டிப் பழகினார்கள். நான்காண்டுகள் இவ்வாறு பழகிய பின்னரே, 1968-இல் விக்டோரியா பாதையின் முதல் பகுதி அம்முறையில் திறக்கப்பட்டது. அங்கும் ஓட்டுநர் உண்டு. கதவுகளைச் சாத்தி, இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்துவார். மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும். சென்னையில் 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே தொடங்கிய மெட்ரோ ரயிலும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஓட்டுநரை அறவே நீக்கிய நகரப் பாதைகள் 1981-இல் ஜப்பானின் கோபேயிலும், 1983-இல் பிரான்சின் லீல் நகரிலும் வந்தன. 1998-இல் கோலாலம்பூரிலும், 2003-இல் சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதையிலும் வந்தன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் ‘லிட்டில் இந்தியா’ நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப் பலகையின் கீழே நின்று, ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறி இறங்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இந்தியாவில் முதலில் வந்தது டில்லியின் மெஜந்தா பாதை. நாள் 2020 டிசம்பர் 28.

பூந்தமல்லி வண்டி எப்படிப் ‘பார்க்கிறது’?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கி.மீ. நீளமுள்ள மூன்று வழித்தடங்களைக் கொண்டது. அவற்றுள் கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் தடத்தில்தான் ஓட்டுநரில்லா வண்டி முதன்முதலில் சோதிக்கப்பட்டது. ஸ்ரீசிட்டியில் உள்ள அல்ஸ்டாம் தொழிற்சாலையில் உருவான மூன்று பெட்டி வண்டி, 2024 அக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனையை வந்தடைந்தது. 2025 மார்ச் 20 அன்று அது முல்லைத் தோட்டம் வரை பிரதான பாதையில் ஓடிற்று. பிறகு போரூர் வரை போயிற்று. அப்போதெல்லாம் உள்ளே பொறியாளர்கள் இருந்தார்கள். நடை பழகும் குழந்தையின் பின்னால் தாய் கையை நீட்டிக்கொண்டு நடப்பதில்லையா, அதைப் போல.

இந்த வண்டி நம் ஆட்டோக்காரரைப் போல எதிரே இருப்பதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தண்டவாளங்களுக்கு இடையே ஆங்காங்கே சிறிய அடையாளக் கருவிகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் வண்டி தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் இடையே சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணித் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த இடத்தை இடைவிடாமல் வானொலி மூலம் பாதையோரக் கணிப்பொறிக்குச் சொல்கிறது. எல்லா வண்டிகளும் இப்படிச் சொல்வதால், ‘இந்த இடம் வரை நீ போகலாம், அதற்குமேல் கூடாது’ என்ற அனுமதி ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் திரும்பி வருகிறது. 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘ஒரு துண்டில் ஒரு வண்டி’ விதியேதான் இது. அன்று நிலையாக இருந்த துண்டு இன்று வண்டியோடு சேர்ந்து நகர்கிறது.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 22.2 மீட்டர். வினாடிதோறும் வேகத்தில் 1 மீட்டர் குறையும்படி பிரேக் போட்டால், வண்டி நிற்க v²/2a என்ற சூத்திரப்படி ஏறத்தாழ 247 மீட்டர் வேண்டும். வானொலிச் செய்தி ஒரு வினாடி தாமதமானால் இன்னும் 22 மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். மழையில் சக்கரம் வழுக்கினால் சுற்றுக் கணக்குப் பிசகும். அதற்கும் சில மீட்டர் ஒதுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இவ்வளவு என்று தூரத்தை விட்டுக்கொடுத்து, மிச்சத்தில்தான் வண்டி ஓடுகிறது. செய்தி வராமலே போனால்? அனுமதி காலாவதியாகிவிடும்; வண்டி நிற்கும். அர்மாவின் காற்றுக் குழாய் இங்கே வானொலி அலையாக மாறியிருக்கிறது எனலாம்.

பாதை தூண்களின் மேல் இருப்பதால் மாடு வராது. பிளாட்பாரத்தின் விளிம்பில் கதவுகள் இருப்பதால் மனிதரும் தண்டவாளத்தில் விழமாட்டார். சாலையில் இயந்திரத்தைத் திணறடிக்கும் கேள்விகளை இங்கே கேட்கவிடாமலே செய்துவிட்டார்கள். மேலே சாத்தியமானதன் ரகசியம் பெரும்பாலும் இந்த வேலியில்தான் இருக்கிறது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது தேர்வின் சிறு பகுதிதான். பிரயாணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி, முழு வேகத்தில் திடீர்ப் பிரேக் போட்டு, நிற்கும் தூரத்தை அளப்பார்கள்; காலி வண்டியிலும் அளப்பார்கள். வண்டியின் ஆட்டத்தை லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு சோதிக்கும். அதன்பின் வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது தொடங்கும். வானொலியைத் துண்டிப்பார்கள். ஒரு கணிப்பொறியை அணைப்பார்கள். சாத்தும் கதவில் கட்டையை வைப்பார்கள். மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் பார்த்து அனுமதி தராமல் நம் நாட்டில் ஒரு பிரயாணியையும் ஏற்ற முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

ஜப்பானின் யோக்கோஹாமாவில் பல ஆண்டுகளாக ஓட்டுநர் இல்லாமல் ஓடிவந்த ரயில், 2019 ஜூன் 1 அன்று கடைசி நிலையத்திலிருந்து முன்னே போகாமல் பின்னே பாய்ந்து, பாதை முடிவில் இருந்த தடுப்பில் மோதியது. பத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். திசை மாற்றச் செய்தியை மோட்டாருக்குக் கொண்டுபோகும் ஒரு கம்பி, வண்டியின் சட்டத்தில் உராய்ந்து அறுந்திருந்தது. செய்தி வராவிட்டால் மோட்டார் நின்றிருக்க வேண்டும். அதுவோ பழைய திசையையே பிடித்துக்கொண்டது. கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்ற, அர்மா காலத்துக் கேள்வியை அந்த ஒரு கம்பிக்கு மட்டும் கேட்காமல் விட்டிருந்தார்கள்!

டில்லியில் மெஜந்தா பாதை திறக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, 2017 டிசம்பர் 19 அன்று, காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு வண்டி சரிவில் உருண்டு சுவரை இடித்தது. உள்ளே பிரயாணிகள் இல்லை, யாருக்கும் காயமில்லை. பிரேக் வேலை செய்கிறதா என்று பாராமல் ஊழியர்கள் வண்டியை வெளியே எடுத்ததே காரணம் என்று மெட்ரோ நிர்வாகம் கூறியது. தானியங்கிக் கருவிகளுக்கு அதில் பங்கில்லை. அந்தப் பாதை குறித்த நாளில் திறக்கப்பட்டது. ஆனால் அதன்பின் மூன்று ஆண்டுகள் ஓட்டுநரோடுதான் ஓடியது.

மூன்றாவது கோலாலம்பூர். 2021 மே 24 அன்று, பழுதான ஒரு காலி ரயிலைச் சுரங்கத்திலிருந்து ஓர் ஊழியர் கையால் ஓட்டி வந்தார். தவறான திசையில் ஓட்டிவிட்டார். எதிரே பிரயாணிகளோடு தானே வந்துகொண்டிருந்த ரயில்மீது மோதியதில் 200-க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். 23 ஆண்டுகளாக ஓட்டுநரின்றி ஓடிய பாதையில், அன்று ஓட்டுநர் இருந்ததால் நேர்ந்த விபத்து!

மனிதனையே குறை சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்தோறும் ஓட்டுகிறவருக்குக் கை பழகியிருக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் இருட்டுச் சுரங்கத்தில், அவசரத்தில் ஓட்டச் சொன்னால் எவருக்கும் தடுமாற்றம் வரும். இயந்திரம் எல்லாவற்றையும் செய்யும் வரை சிக்கலில்லை. அது கைவிடும் நேரத்தில் மனிதன் வாங்கிக்கொள்ளும் அந்த இடம்தான் ஆபத்தானது. டெம்பியிலும் இதே இடம்தான். ஆகவே, வண்டியோடு சேர்த்து, அதைக் காக்கப் போகும் ஊழியர்களுக்கும் தேர்வு வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு முறையல்ல, திரும்பத் திரும்ப. ஓட்டுநர்களைக் குறைத்துச் சேமிக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியாவது இந்தப் பயிற்சிக்குப் போகிறதா என்று கேட்பதில் தவறில்லை.

கோயம்பேட்டிலிருந்து முகப்பேரைத் தொட்டு, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கி.மீ. தூரத்துக்கு ஒரு மெட்ரோ பாதைக்கும் திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டிருக்கிறது. 1856-ஆம் ஆண்டுப் பாதைக்கு அருகிலேயே அது செல்லும். அதில் வண்டி ஓடும் நாளில், நடுவழியில் நின்றுவிட்ட பெட்டியில் ஒரு பிரயாணி உதவிப் பொத்தானை அழுத்தினால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும். எத்தனை வினாடிக்குள் என்பதும் தேர்வில் கேட்க வேண்டிய கேள்விதான்.